டர்பனில் எட்டு மாதம் ஆகியும் என் தெருச் செய்தி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எப்படி அறிந்துகொள்கிறீர்கள்?

மேட்டுத்தெருக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியில், இவ்வூர்க்காரர்கள் ‘அவுட்பில்டிங்’ என்று சொல்லும் பின்கட்டு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர்கள் முன்பக்கத்தில் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான், ஆனால் இருவரும் விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் என்பதால் நின்று பேச வாய்ப்பதில்லை.

தாமிரபரணி அணையிலிருந்து எத்தனை கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பது காலையில் பல் துலக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறது. என் வீட்டுக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்பதோ மூன்றாம் நாள்தான் தெரியவருகிறது. பிப்ரவரியில் அப்படித்தான் நடந்தது. இரண்டு நாட்களுக்கு முன்பே அறிவித்துவிட்டுக் குழாய்ப் பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். தெருவில் எல்லார் வீட்டிலும் பீப்பாய்கள் நிறைந்திருந்தன, என்னிடம் ஒரு குடம்கூட இல்லை. ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரைப் பெரீயாவிலிருந்து விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டேன். அன்று காம்ரேட்ஸ் மாரத்தான் என்பதையும் அதற்காகச் சாலைகளை அடைத்திருப்பார்கள் என்பதையும் நான் அறிந்திருக்கவில்லை. அவர் விமானத்தைத் தவறவிட்டார். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

இவற்றைவிட என்னை வெட்கப்பட வைத்தது வேறொன்று. புனித வெள்ளி விடுமுறை நாளில் நன்றாகத் தூங்கிவிட்டு அடுத்த வாரம் அலுவலகம் போனபோது, தமிழ் ஒரு சொல்லும் பேசத் தெரியாத சக ஊழியர் ஒருவர், “நீ தமிழன்தானே, மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு ஏன் வரவில்லை?” என்று கேட்டார். கிறித்தவர்களின் நாளில் மாரியம்மனுக்கு என்ன திருவிழா என்று நான் விழித்தேன்.

ஒரு வட்டார வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். முதல் நாளிலேயே முந்நூறு செய்திகள் வந்தன. அவற்றில் பாதி காலை வணக்கம், மீதி பயமுறுத்தல். இரண்டே நாளில் வெளியேறிவிட்டேன். நீங்கள் எதைப் படிக்கிறீர்கள், எதைக் கேட்கிறீர்கள், யாரிடம் விசாரிக்கிறீர்கள்? எது நம்பத்தக்கது? இங்கே நீண்ட காலமாக இருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

தம்பி, வணக்கம். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, ஆங்கிலவழிப் பள்ளியில் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் தொடங்கி, பிறகு புத்தகங்களை வைத்துக்கொண்டு நானே வளர்த்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

‘டர்பன் செய்தி’ என்று ஒன்றை நீங்கள் தேடுகிறீர்கள். உங்கள் இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. டர்பனை உள்ளடக்கிய ஈதெக்வினி மாநகராட்சி என்பது நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும், வடக்கே டோங்காட்டிலிருந்து தெற்கே உம்கோமாஸ் வரை நீண்டு கிடக்கும் ஒரு பெரும்பரப்பு. அதில் 111 வார்டுகள் இருக்கின்றன. ‘டர்பனில் தண்ணீர் இல்லை’ என்று வானொலி சொன்னால் அது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று அந்தச் செய்தியை வாசிப்பவருக்கே தெரியாது. ஆகவே முதலில் உங்கள் வார்டு எண்ணையும், உங்கள் குழாய்க்குத் தண்ணீர் அனுப்பும் நீர்த்தேக்கத் தொட்டியின் பெயரையும், மின்வெட்டு அட்டவணையில் உங்கள் தெரு எந்தத் தொகுதியில் வருகிறது என்பதையும் கண்டுபிடித்துச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

தொட்டியின் பெயரை ஏன் சொல்கிறேன் என்றால், மாநகராட்சியின் தண்ணீர் அறிவிப்புகளில் பல, இன்ன தொட்டியில் மட்டம் தாழ்ந்துவிட்டது, இன்ன குழாய்த்தொடரில் பழுது என்றுதான் தொடங்கும். தெருப்பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த அறிவிப்பு நம்முடையது என்பதே தெரியாமல் கடந்து போய்விடும். வேடிக்கை என்னவென்றால், நேகிள் அணைத் தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்தின் பெரும்பகுதிக்கு அனுப்பும் டர்பன் ஹைட்ஸ் நிலையம் நீங்கள் இருக்கும் ரிசர்வாயர் ஹில்ஸிலேயேதான் இருக்கிறது. ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீருக்கு அலைந்த கதைதான் உங்களுடையது. நிலையத்தை நடத்துவது உம்கெனி-உத்துகேலா நீர் வாரியம். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது மாநகராட்சி. இரண்டும் தனித்தனியே அறிவிப்பு வெளியிடுவதால் இரண்டையும் பார்ப்பது நல்லது.

மின்வெட்டுப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2023-ஆம் ஆண்டில் நாங்கள் பட்ட பாடு, மின்வெட்டின் கடுமையைக் காட்டும் எண் ஆறாம் நிலை என்றால் நாளில் எத்தனை முறை விளக்கு அணையும் என்று குழந்தைகளே கணக்குச் சொல்லும் அளவுக்கு இருந்தது. 2024 மார்ச்சுக்குப் பிறகு அது பெரும்பாலும் நின்றிருக்கிறது. ஆனால் கம்பித் திருட்டாலும் துணைமின் நிலையப் பழுதாலும் தெருவளவில் விளக்கு அணைவது நிற்கவில்லை. அது எந்த அட்டவணையிலும் வராது. அப்படி அணையும்போது கைப்பேசியைத் தட்டுவதற்கு முன் வாசலுக்கு வந்து எதிர்வீட்டு விளக்கைப் பாருங்கள்.

அடுத்தது தெருப்பெயர். 2007, 2008 ஆண்டுகளில் நகரத்தின் பல சாலைகளுக்குப் பெயர் மாற்றினார்கள். அறிவிப்பில் புதுப்பெயர் இருக்கும். மக்கள் வாயில் பழைய பெயர் இருக்கும். டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட்டில் சாலை மறியல் என்று செய்தி வந்தால், என் வயதுக்காரர் ஒருவர் ‘அது எங்கே இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு, தம் கார் க்ரே ஸ்ட்ரீட்டில் நிற்பதாகச் சொல்வார். இரண்டும் ஒன்றுதான். வெஸ்ட் ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் பிக்ஸ்லி காசெமே ஸ்ட்ரீட். பாயிண்ட் ரோடு மகாத்மா காந்தி ரோடு. பைன் ஸ்ட்ரீட், நேட்டால் இந்தியக் காங்கிரசுக்கு 1945-இல் தலைவரான டாக்டர் மான்ட்டி நாயக்கரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. எங்கள் சாட்ஸ்வர்த்திலோ கதை வேறு. 1960-களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டிக் காட்டோ மேனரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எங்களை இங்கே கொண்டுவந்து இறக்கியபோது பகுதிகளுக்கு வெறும் எண்தான் இருந்தது. பேவியூ என்று பலகையில் இருப்பதை இன்றும் ‘யூனிட் இரண்டு’ என்றும், வெஸ்ட்கிளிஃபை ‘யூனிட் மூன்று’ என்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் இரண்டு பெயரையும் தெரிந்துவைத்திருந்தால்தான் பாதிச் செய்தி புரியும். போக்குவரத்துச் செய்தியில் ‘ரோபோட் வேலை செய்யவில்லை’ என்று கேட்டால் திகைக்க வேண்டாம். இந்த நாட்டில் சாலைச் சிக்னலுக்கு அதுதான் பெயர்.

பத்திரிகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் 1903-இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் ஆங்கிலம், குசராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழ்ப் பகுதியும் இருந்தது. தமிழும் இந்தியும் 1906-இல் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு இத்தனை தலைமுறைகளில் எங்கள் ஊர்ச் செய்தியை நாங்கள் ஆங்கிலத்தில்தான் படித்து வருகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மாதிரியாக இருக்கும். என் வீட்டில் புதன்கிழமை என்றால் ‘போஸ்ட்’ பத்திரிகை வரும் நாள். அப்பா முதல் பக்கத்தைப் படிப்பார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் நினைவஞ்சலிப் பக்கத்தை நான் உரக்கப் படிக்க வேண்டும். எந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம், எந்த வீட்டில் ஓராண்டு நினைவு என்று அவர் மனத்தில் குறித்துக்கொள்வார். ஊர் நடப்பு என்று நான் முதலில் கற்றது அதுதான். வட்டாரத்துக்குத் தனியே ‘ரைசிங் சன்’ போன்ற இலவச வார ஏடுகள் உண்டு. வார்டு கூட்டம், பள்ளி விழா, காணாமற்போன நாய் எல்லாம் அதில்தான் வரும். வானொலியில் லோட்டஸ் எஃப்எம் 1983 முதல் இந்திய வம்சாவளியினருக்காக ஒலிபரப்பாகிறது. தமிழ்ப் பாட்டுக்காக மட்டும் அதைத் திருப்பாமல் உரையாடல் நிகழ்ச்சிகளையும் கேளுங்கள்.

இனி உங்கள் புனித வெள்ளி. வெட்கப்பட வேண்டியதில்லை, தம்பி. இந்தியாவிலிருந்து வருகிற எல்லாரும் அதில் தடுமாறுகிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே கொண்டுவந்தது. கரும்புத் தோட்டத்தில் நினைத்த நாளில் திருவிழா எடுக்க அவர்களுக்கு ஏது விடுப்பு? தோட்ட முதலாளிகள் தாங்களாகவே வேலையை நிறுத்திய ஈஸ்டர் நாட்களில் ஆத்தாளுக்குத் திருவிழா எடுத்தார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது என்பதுதான் எங்கள் பெரியவர்கள் சொல்லிவந்த காரணம். இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோமிலும் உள்ள மாரியம்மன் கோவில்களில் அன்று நிற்க இடமிருக்காது. அது கழிந்தால் ஆடியில் கூழ் வார்ப்பு. இங்கே அதை ‘போரிட்ஜ் பிரேயர்’ என்று ஆங்கிலத்திலேயே சொல்வார்கள், ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு கோவிலில் நடக்கும். பிறகு புரட்டாசி விரதம். அந்த மாதம் வந்துவிட்டது என்பதைப் பஞ்சாங்கம் பார்க்காமல் கறிக்கடையில் வரிசை குறைவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கோவில் அறிவிப்புப் பலகையில் பூசை நேரம் மட்டுமல்ல, இரத்ததான முகாம், சாலை மூடல், எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது வரை கிடைக்கும். நேரில் போனால்தான் கிடைக்கும்.

வாரிக் கடைக்காரர் எழுதியது:

ஆசிரியை அம்மா எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிட்டார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாரிக் சந்திப்புக்கு அருகில் சிறு கடை வைத்திருப்பவன். அவர் தொடாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் சொன்ன எதிலும் சூலு மொழி வரவில்லை. இந்த நகரத்தில் பெரும்பான்மையோர் பேசுவது அதுதான். நாட்டிலேயே மிக அதிகம் பேர் கேட்கும் வானொலி உகோசி எஃப்எம், அது சூலு. இசொலேஸ்வே நாளேடு சூலு. ஆங்கிலச் செய்தியில் மறுநாள் வருவதை என் கடைக்கு வரும் சனம் முதல் நாள் மாலையே பேசிக்கொண்டு போகும். நான் வந்த புதிதில் ‘அமான்ஸி அவேக்கோ’ என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டும் கேளாதவன்போல் இருந்தேன். தண்ணீர் இல்லை என்பது அதன் பொருள். அன்று இரவு நான் குளிக்காமல் படுத்தபோதுதான் அந்த இரு சொற்களும் மனத்தில் பதிந்தன. இலக்கணம் எல்லாம் வேண்டாம். தண்ணீர், மின்சாரம், சாலை, வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்கான சொற்களையும், ஒருவரைக் கண்டவுடன் முகமன் சொல்லும் முறையையும் கற்றுக்கொண்டால் போதும். வணக்கம் சொல்லாமல் நேரே கேள்வி கேட்பவனுக்கு இங்கே பதிலும் பாதிதான் கிடைக்கும்.

டாக்சி என்று இங்கே சொல்லப்படும் பதினாறு பேர் அமரும் வண்டிகள் ஓடாத நாளில் இந்த நகரமே நின்றுவிடும். என் கடைப் பையன் வரமாட்டான், உங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் அம்மா வரமாட்டார், பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். அது அறிவிப்பாக வருவதும் உண்டு. ஆனால் அதற்கு முன்பே, முதல் நாள் மாலை டாக்சி நிலையத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துகிற ஆளின் முகத்திலேயே தெரிந்துவிடும். கார் வைத்திருப்பவர்களுக்கு இது கிடைப்பதில்லை. மாதத்தில் இரண்டு நாளாவது காரை வீட்டில் விட்டுவிட்டு டாக்சியில் வந்து பாருங்கள்.

இன்னொரு இடம் எங்கள் அதிகாலைச் சந்தை. 1910-இல் இந்தியத் தோட்டக்காரர்களுக்காகத் திறந்தது. 2009-இல் அதை இடித்துப் பெரிய வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டபோது வியாபாரிகள் போராடி நிறுத்தினார்கள். நான் விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே கீரை வாங்கப் போகிறேன். டோங்காட் பக்கத்திலிருந்து வருகிறவர் அந்தப் பக்கச் சாலை எப்படி இருக்கிறது என்பார். தெற்கே இருந்து வருகிறவர் நேற்று இரவு மழை எவ்வளவு என்பார். கீரை விலை ஏறினால் எங்கேயோ வெள்ளம் அல்லது எங்கேயோ மறியல் என்று கணக்கு. பச்சைமிளகாய் விலையைப் போல விரைவாகச் செய்தி சொல்லும் பத்திரிகையை நான் கண்டதில்லை.

ஓர் அனுபவம். 2024 நவம்பர் 24-க்குள் நாட்டிலுள்ள முன்கட்டண மின்மீட்டர்கள் அனைத்திலும் புதிய குறியெண்களை அழுத்த வேண்டும், தவறினால் அதன் பின் வாங்கும் மின்சாரத்தை மீட்டர் ஏற்காது என்று மாதக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். தொலைக்காட்சியில் வந்தது, வானொலியில் வந்தது. ஆனாலும் கடைசி வாரத்தில் என் கடைக்கு வந்த வயதானவர்களில் பலர், அது யாருக்கோ சொன்னது என்று இருந்துவிட்டார்கள். இருபது இலக்க எண் இரண்டு. ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டும். பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவருக்கு நானே போய் அழுத்திக் கொடுத்தேன். அவர் வீட்டில் இரண்டு கைப்பேசிகளும் ஒரு தொலைக்காட்சியும் இருந்தன.

பீனிக்ஸ் இளையவன் எழுதியது:

மன்னிக்கவும், இவ்வளவு சுற்ற வேண்டுமா? இஎஸ்பி செயலியை இறக்கி உங்கள் பகுதியைக் குறித்துவிட்டால் மின்வெட்டு, தண்ணீர் நிறுத்தம் இரண்டுக்கும் அதுவே தட்டி எழுப்பும். முன்பு எஸ்காம்ஸிபுஷ் என்று வந்த அதே செயலிதான். மாநகராட்சியின் முகநூல் பக்கத்துக்கு அறிவிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஐந்தாண்டுகளாக ஒரு நாளேட்டைக்கூடத் தொடவில்லை, எந்தக் குறையும் இல்லை. காம்ரேட்ஸ், ஜூலை மாத முதல் சனிக்கிழமையில் வழக்கமாக நடக்கும் கிரேவில் குதிரைப்பந்தயம், டிசம்பர் கடற்கரைக் கூட்டம் ஆகியவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவைத்தால் வேலை முடிந்தது.

பால்மியட் கரை எழுதியது:

இளையவர் சொன்ன செயலி எனக்கும் பயன்படுகிறது. ஆனால் கேட்டவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் உங்கள் பகுதியிலேயே இருப்பவன், பொறியாளன், எங்கள் தெருக்களுக்கான குழு ஒன்றை நடத்துகிறவர்களில் ஒருவன். ஆகவே ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2021 ஜூலையில் நாங்கள் கண்டது குழுக்களின் மிகக் கெட்ட முகம். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறை சென்றதைத் தொடர்ந்து கடைகள் சூறையாடப்பட்டு, சாலைகள் அடைபட்டு, காவல்துறையைக் காண முடியாமல் இருந்த அந்த வாரத்தில், ‘இன்ன இடத்திலிருந்து கூட்டம் புறப்பட்டுவிட்டது, இன்னும் பத்து நிமிடத்தில் உங்கள் தெருவில்’ என்ற குரல்பதிவுகள் கைப்பேசிகளில் ஓடிக்கொண்டே இருந்தன. பேசியவர் யார், எப்போது பேசியது, அவர் எதைக் கண்ணால் கண்டார் என்பது எதிலும் இருக்காது. அதே பதிவு மூன்று வெவ்வேறு பகுதிகளின் பெயரோடு எனக்கு வந்தது. எங்கள் குவாசூலு-நேட்டால், கௌட்டெங் ஆகிய இரு மாகாணங்களிலும் சேர்த்து 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர். அந்தச் சாவுகளுக்குக் காரணம் வதந்தி மட்டுமே என்று நான் சொல்லவில்லை. ஆனால் தடுப்பு வைத்துத் தெருவில் நின்றிருந்த அச்சம்கொண்ட மனிதர்களின் காதில் அந்தக் குரல்கள் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தன என்பதை நானே நின்று பார்த்தவன். எங்கள் குழுவிலும் அவற்றை நாங்கள் அனுப்பினோம். அதை மறைப்பதற்கில்லை.

ஒன்பது மாதம் கழித்து அதே கருவியை வேறு விதமாகவும் பார்த்தேன். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டோங்காட்டில் நீர்ச்சுத்திகரிப்பு நிலையமே சிதைந்து பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. நம் மலைக்குக் கீழே பால்மியட் ஆற்றோரம் குவாரி ரோடு வெஸ்ட் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே மாநகராட்சியின் வெள்ளக் கணிப்பாளர்களும், பல்கலைக்கழக ஆய்வாளர்களும், அப்பகுதி மக்களின் தலைவர்களும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இயங்கிவந்தது. ஆற்றின் மேற்பகுதியில் மழை எவ்வளவு, மட்டம் எவ்வளவு என்று அதில் வரும். அதைப் படித்தவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். அன்றிரவு வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆனால் எச்சரிக்கையைக் கேட்டு ஆட்கள் முன்பே கரையேறியிருந்தார்கள். மேலே உறுதியான சுவர்களுக்குள் இருந்த எங்களில் பலருக்கு அவ்வளவு தெளிவான எச்சரிக்கை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் விதியை மாற்றினோம். வானிலை என்றால் தென்னாப்பிரிக்க வானிலைச் சேவை தரும் எச்சரிக்கையை மட்டுமே, அதன் நிறத்தையும் எண்ணையும் சேர்த்து, போட வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் உண்டு. அதற்குள் ஒன்று முதல் பத்து வரை எண் உண்டு. மஞ்சள் இரண்டும் மஞ்சள் நான்கும் ஒன்றல்ல. தெருவில் நடந்த ஏதேனும் என்றால் கண்ணால் கண்டவர் மட்டுமே, நேரத்தையும் தெருமுனையையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். எங்கிருந்தோ வந்ததை அனுப்பினால் ஒரு வாரம் வாய்ப்பூட்டு. காலை வணக்கத்துக்குத் தனிக் குழு திறந்துகொடுத்துவிட்டோம். அதில்தான் கூட்டம் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குற்றம் நடந்தால் முதலில் 10111, கைப்பேசியிலிருந்து அவசரத்துக்கு 112, அதன் பிறகே குழு. நீங்கள் சேர்ந்த குழுவில் இப்படி எந்த விதியும் இல்லை என்றால் வெளியேறியது சரியே. ஆனால் எந்தக் குழுவிலும் இல்லாமல் இந்த மலைமேல் ஒரு மழைக்காலத்தைக் கழிப்பது சரியல்ல. காவல் நிலையத்தோடு சேர்ந்து இயங்கும் சமூகக் காவல் மன்றத்தின் கூட்டத்துக்கு ஒரு முறை வாருங்கள். எந்தக் குழு உருப்படியானது என்பதை அங்கே அரைமணி நேரத்தில் தெரிந்துகொள்வீர்கள்.

மேட்டுத்தெருக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் சொன்னவற்றைச் செய்துபார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

வார்டு எண்ணும் மின்தொகுதி எண்ணும் இணையத்தில் ஐந்து நிமிடத்தில் கிடைத்தன. தொட்டியின் பெயர்தான் கிடைக்கவில்லை. கடைசியில் தெருமுனையில் இருக்கும் டீரூமில் ரொட்டி வாங்கும்போது அங்கிருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், வியாழக்கிழமை காலை எட்டு முதல் மாலை நான்கு வரை தண்ணீர் வராது என்பதையும் சேர்த்துச் சொன்னார். எட்டு மாதமாக அந்தக் கடையில் ரொட்டி வாங்கியிருக்கிறேன். அட்டையைத் தட்டிவிட்டு வெளியேறியதைத் தவிர அவரிடம் ஒரு சொல் பேசியதில்லை. புதன் இரவு இரண்டு பீப்பாய்களை நிரப்பினேன். வியாழன் மாலை முன்வீட்டுக்காரர்கள் களைத்து வந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டு என் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த ஊரில் முதல் முறையாக நான் ஒருவருக்குச் செய்தி சொன்னேன்.

இளையவருக்கு: செயலியையும் இறக்கியிருக்கிறேன். அதுவும் வியாழனைப் பற்றிச் சொன்னது, புதன் இரவு பத்து மணிக்கு.

கடைக்காரர் அண்ணாவுக்கு: ஒரு நாள் டாக்சியில் வந்தேன். சில்லறையை முன்வரிசைக்குக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்து, மீதியைக் கணக்குப் பார்த்துத் திரும்ப அனுப்பும் பொறுப்பு முன்னால் உட்கார்ந்தவருடையது என்பது தெரியாமல் முன்னிருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். செய்தி எதுவும் கிடைக்கவில்லை, கணக்குத்தான் வியர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்புக்குப் போகிறேன். இன்னும் ஒரு சிறு கேள்வி மட்டும் இருக்கிறது. வாசலில் கறுப்புப் பை, ஆரஞ்சுப் பை, நீலப் பை என்று வைக்கிறார்களே, எதை எந்த நாளில் வைப்பது? நான் இதுவரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வைத்துவருகிறேன்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

தம்பி, கறுப்பு வீட்டுக்குப்பைக்கு, ஆரஞ்சு தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும், நீலம் தோட்டக்குப்பைக்கு. கறுப்பும் ஆரஞ்சும் வாரத்தில் ஒரே நாளில்தான் எடுப்பார்கள். எந்த நாள் என்பது தெருவுக்குத் தெரு மாறும், டீரூம் பெரியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வண்டி வரும் சத்தம் கேட்கிறவரை பையை வாசலில் வைக்காதீர்கள். உங்கள் மலையில் குரங்குகள் விடியும்போதே இறங்கிவிடும். எந்தத் தெருவில் எந்த நாள் குப்பை எடுக்கிறார்கள் என்பது அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.